கடைசி வரி வரை வாசித்தவள்

கம்ப்யூட்டர் திரையில் திடீரென்று ஒரு பெட்டி முளைத்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? 'ஓகே' எங்கே இருக்கிறது என்று தேடி அமுக்குவோம். அவள் அமுக்கமாட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, திரையில் முதல் வரிக்குக் கீழே வைப்பாள். உதடு அசைய வாசிப்பாள். ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்குவாள். எல்லாம் முடிந்து, அடியில் பொடி எழுத்தில் ஏதாவது கிடந்தால் அதையும் வாசித்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவாள்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல். அதற்குப் பிறகு வந்ததற்குப் பெயர் பொறாமை. அதை வேறு கௌரவமான பெயரில் அழைக்க நான் நிறைய முயன்றிருக்கிறேன்.

கேரளத் தலைநகரில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஓட்டலின் மாடியில் எங்கள் சென்டர் இருந்தது. பத்துக் கம்ப்யூட்டர்கள். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வராத காலம். மெயில் பார்க்க, விண்ணப்பம் நிரப்ப, பரீட்சை முடிவு பார்க்க எல்லாரும் படியேறி வருவார்கள். நான் கரமனையில் பிறந்து வளர்ந்தவள். பட்டப்படிப்புக்கு மேல் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, அங்கே ஆறு வருஷமாகப் பொறுப்பில் இருந்தேன். வருகிறவர்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் அந்த ஊரில் நாலு விஷயம் தெரிந்த பெண்ணைக் கூப்பிட அதைவிட மரியாதையான சொல் கிடையாது. அந்தச் சொல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது அவள் வரும்வரை எனக்கே தெரியாது.

அவள் பாறசாலைக்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் ஜெபப் புத்தகங்களுக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அச்சகத்தை மூடியதும் இங்கே டைப் அடிக்கும் வேலைக்கு வந்தாள். ஸ்கேல் அங்கிருந்து வந்த பழக்கம். கண்ணும் அங்கிருந்து வந்ததுதான். தவறான எழுத்தைக் கண்டால் அவளால் கடந்துபோக முடியாது. கீழே ஓட்டலில் தமிழ்க்காரர்களுக்காக எழுதி வைத்திருந்த பலகையில் 'பொறித்த மீன்' என்று இருந்தது. வந்த முதல் வாரத்திலேயே கல்லாவில் இருந்தவரிடம் போய், சின்ன 'ரி' போடவேண்டும் என்று சொல்லி, அவர் சிரித்ததும் தானே சாக்பீஸை வாங்கித் திருத்திவிட்டு வந்தாள்.

எங்கள் முதலாளி ஓய்வுபெற்ற மலையாளி அதிகாரி. ஸார் என்போம். எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், இனி எல்லா மெஷினும் லினக்ஸில்தான் ஓடும் என்று ஒரே நாளில் முடிவெடுத்தார். யாரும் எடுத்துத் திருத்தலாம், எல்லாருக்கும் பொதுவான சிஸ்டம் என்பது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. வைரஸ் தொல்லை போயிற்று, வாஸ்தவம். ஆனால் புதுத் தொல்லை ஒன்று வந்தது. சில தளங்களைத் திறந்தால் பக்கத்தின் நடுவில் வெறும் சாம்பல் நிறக் கட்டம். இதைக் காட்டுவதற்கு வேண்டிய பிளக்கின் இல்லை என்று கீழே ஒரு வரி. பிளக்கின் என்பது பிரவுசரோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு குட்டி நிரல். அது இல்லாமல் அந்தக் கட்டத்துக்குள் ஒன்றும் தெரியாது.

நான் அதை இன்டர்நெட்டிலிருந்து இறக்கினேன். இரண்டு முறை கிளிக் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. எங்கோ கேட்ட ஞாபகத்தில், அந்த ஃபைலை நகலெடுத்து பிரவுசரின் ஃபோல்டருக்குள் கொண்டுபோய்ப் போட்டேன். அந்தப் பக்கத்தைத் திறந்த நிமிஷமே பிரவுசர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. அழித்தேன், மறுபடி போட்டேன். மறுபடி மறைந்தது. மூன்று நாள் இப்படிப் போராடிவிட்டு, லினக்ஸில் இது நடக்கவே நடக்காது என்று எல்லார் முன்னாலும் ஸாரிடம் சொன்னேன். நான் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. ஸார் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், அதுகூட வந்த பேப்பரை நான் வாசிச்சுப் பாக்கட்டா?"

எந்தப் பேப்பர் என்று கேட்டேன்.

"ரீட்மீன்னு ஒண்ணு கெடக்குல்லா. வாசின்னு சொல்லித்தானே பேரே வச்சிருக்கு."

கிண்டல் இல்லை. அவளுக்குக் கிண்டல் வராது. வாசித்துக்கொள் என்றேன். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள் மாலை வரை எழவில்லை. ஸ்கேல் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தது. நடுநடுவே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் கண்டுபிடித்தவை இரண்டே விஷயங்கள். அந்த ஃபைலை நகலெடுக்கக் கூடாது, அது இருக்கும் இடத்திலேயே இருக்க, பிரவுசரின் ஃபோல்டரிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு மட்டும் போடவேண்டும் என்று அந்தக் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தது. இரண்டாவது, இறக்கிய பொதிக்குள் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒன்றின் வாலில் மட்டும் ஐந்தாறு எழுத்து கூடுதல். நான் மூன்று நாளும் எடுத்தது தவறான ஃபோல்டரிலிருந்து.

ஒரே ஒரு வரி கட்டளை அடித்தாள். என்டரைத் தட்டுவதற்கு முன்னால் அந்த வரியைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை பின்னோக்கி ஒருமுறை வாசித்தாள். அதுவும் புரூப் பார்க்கிறவர்களின் பழக்கமாம். பிரவுசரைத் திறந்தாள். சாம்பல் கட்டம் இருந்த இடத்தில் படமும் பட்டன்களும் வந்து நின்றன.

"டீச்சர், வந்துட்டு," என்றாள் என்னிடம் வந்து, மெதுவாக. "நீங்க இறக்கி வச்ச ஃபைலுதான். இடந்தான் மாறிக் கெடந்து."

அவள் மெதுவாகச் சொன்னாலும் ஸார் காதில் விழுந்துவிட்டது. வந்து பார்த்தார். எல்லா மெஷினிலும் போட்டுவிடும்படி சொன்னார், அவளிடம். போகும்போது என்னைப் பார்த்து, நடக்காது என்று சொன்னதை நினைத்துச் சிரித்தார். கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு.

அடுத்த வாரமே யாரோ ஒருவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தேன். படியேறி வருகிறவர்கள் எந்த மேசைக்குப் போகிறார்கள் என்று கவனிப்பேன். என் மேசைக்கு வந்தால் தேவைக்கு அதிகமாகச் சிரித்துப் பேசுவேன். அவளிடம் போனால் கீபோர்டைச் சத்தமாகத் தட்டுவேன். ஆனாலும் சனிக்கிழமை வருகிற விழிஞ்ஞத்துப் பெண் எனக்கே உரியவள் என்று நினைத்திருந்தேன். அவள் கணவன் கப்பலில் வேலை பார்த்தான். மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து மெயில் அனுப்புவான். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்க வராது. ஒரு வருஷமாக நான்தான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை எனக்குப் பல்வலி. அவளை இவள் மேசைக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். கணவன் கடிதத்தை முடித்துப் பெயரும் போட்டுவிட்டு, என்டரை இருபது முப்பது தடவை தட்டி, பக்கத்தின் வெகு அடியில் இன்னொரு வரி அடித்திருந்தான். தன்னுடைய குழந்தைக்கு. அப்பா நேற்றுக் கடலில் என்ன பார்த்தேன் தெரியுமா என்று ஒரே வரி. நான் எப்போதும் பெயர் வந்ததும் மூடிவிடுவேன். இவள் பக்கம் தீர்கிறவரை உருட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு பழைய மெயில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். எல்லாவற்றின் அடியிலும் குழந்தைக்கு ஒரு வரி இருந்தது. திமிங்கலம், பறக்கும் மீன், ஒரு துறைமுகத்தில் பார்த்த பனி. ஒரு வருஷத்து வரிகள்.

அந்தப் பெண் அடுத்த சனிக்கிழமை நேராக அவள் மேசைக்குப் போனாள்.

வீட்டில் கணவரிடம் இதைச் சொன்னபோது, "அதுக்கென்ன, நீயும் கடைசி வரைக்கும் வாசிச்சாப் போச்சு," என்றார். அவ்வளவு சுலபமாக. அவள் லீவில் இருந்த ஒரு நாள், யாரும் பார்க்காத நேரத்தில் அவள் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து நானும் வாசித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் என் மனசு பஸ்ஸைப் பற்றி யோசித்தது. ஐந்தாவது வரியில் குக்கரை. ஸ்கேலை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். படிப்பால் வரக்கூடிய ஒன்றாக இருந்தால் இவ்வளவு பொறாமை வந்திருக்காது. அது பொறுமை. எனக்கு அது தரப்படவில்லை.

கீழே ஓட்டலில் டீ மாஸ்டராக இருந்தவர் வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். அவர் மகள் என்ட்ரன்ஸ் பரீட்சை எழுதி ராங்க் வாங்கியிருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாக இணையத்தில் பதிவு செய்யவேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு அது மூடிவிடும். வரிசையை முடிவுசெய்ய முடியாமல் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டவர், பன்னிரண்டு மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். பாறசாலைக்காரி அன்று தன் அம்மாவின் கண்ணைக் காட்ட மெடிக்கல் காலேஜுக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் நான் ஒரு வேலை செய்திருந்தேன். என்னாலும் முடியும் என்று காட்டுவதற்காக, யாரிடமும் கேட்காமல் எல்லா மெஷினிலும் பிரவுசரின் புதிய பதிப்பைப் போட்டிருந்தேன். ஸார் பாராட்டினார். இப்போது அந்தப் பதிவுத் தளத்தைத் திறந்தால் நடுவில் சாம்பல் கட்டம். பழையபடி பிளக்கின் இல்லை என்ற அதே வரி.

அவள் நோட்டைத் தேடினேன். பையோடு கொண்டுபோயிருந்தாள். அவளிடம் செல்போன் இருந்தது, என்னிடம் நம்பர் இருந்தது. கூப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். ஒரு மணி நேரம் நானே முயன்றேன். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து கல்லூரிப் பெயர்கள் எழுதிய தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். தகப்பனார் இரண்டு முறை கீழே போய்விட்டு வந்தார்.

"டீச்சரம்மா, இன்னைக்கு விட்டா போச்சுன்னு சொல்லுதாவ," என்றார்.

அப்போது நான் சொன்னேன், தளமே கிடைக்கவில்லை, எங்கே போனாலும் இன்று இப்படித்தான் இருக்கும் என்று. அடுத்த தெருவில் இன்னொரு சென்டர் இருந்தது. அங்கே போய் அவர்களுக்குக் கிடைத்துவிட்டால் என் நிலைமை என்ன ஆவது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அவர்கள் நம்பினார்கள். ஆறு வருஷமாக அந்த மனிதர் கையால் டீ குடித்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு மகளோடு படியிறங்கினார்.

நாலு மணி தாண்டித்தான் அவள் வந்தாள். வழியிலேயே டீ மாஸ்டர் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. தகப்பனையும் மகளையும் கூட்டிக்கொண்டு மேலே வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் மெஷினில் உட்கார்ந்தாள். தளம் உடனே திறந்தது. சாம்பல் கட்டமும் வந்தது. அவள் ஸ்கேலை வைத்து வாசித்தாள். மேலே பிரவுசரின் பெயருக்குப் பக்கத்தில் பதிப்பு எண் மாறியிருந்ததைப் பார்த்தாள். புதுப் பிரவுசர் தன் ஃபோல்டரில் தேடுகிறது, இணைப்பு பழைய ஃபோல்டரில் கிடக்கிறது என்பது அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இன்னொன்றும் புரிந்துவிட்டது. தளத்துக்கு ஒரு கோளாறும் இல்லை, நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்பது.

திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண், "சைட் இப்பழும் டவுனாணோ டீச்சரே?" என்று மலையாளத்தில் அவளைக் கேட்டாள்.

"அப்பம் கெடைக்கலம்மா. டீச்சர் சொன்னது சரிதான். இப்பம் கெடைச்சுட்டு," என்றாள்.

அந்த ஒரு வரி கட்டளையை அடித்து, பின்னோக்கி வாசித்து, என்டர் தட்டினாள். கட்டம் நிறைந்தது. அவசரமே இல்லாமல் கல்லூரிப் பெயர்களை ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணை வாசிக்கச் சொல்லி, குறியீட்டு எண்களை இரண்டு முறை சரிபார்த்து, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதிவை முடித்தாள். நான் என் மேசையிலேயே இருந்தேன். ஒரு 'ரி'யைக்கூட விடாதவள் என் பொய்யை அப்படியே விட்டுவிட்டாள்.

அவர்கள் போன பிறகு அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அன்றைய டைப் வேலையை எடுத்தாள். நான்தான் பொறுக்கமாட்டாமல், "நீ சீக்கிரம் வந்திருக்கலாமே," என்றேன்.

"என் நம்பர் இருக்குல்லா டீச்சர். விளிச்சிருக்கலாமே," என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. தகப்பனார் லட்டு கொண்டுவந்து முதலில் கொடுத்தது அவளுக்கு. இதை எழுதும்போது என்னை நினைத்தே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த லட்டு யார் கையில் முதலில் போனது என்பதை நான் மறக்கவில்லை. இப்படி ஒருத்தி என்னைக் காப்பாற்றினால் அவள்மேல் அன்பு வரவேண்டும். எனக்குப் பொறாமை இன்னும் கூடிற்று. வேலையில் மட்டும் என்னை மிஞ்சியிருந்தால் போதாதா, குணத்திலுமா?

சில மாதங்கள் கழித்து, பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். அவள் விண்ணப்பித்தாள். ஒரு நாள் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் போன் செய்தார். ஸார் ஊரில் இல்லை. பொறுப்பில் இருப்பவள் என்ற முறையில் என்னிடம் விசாரித்தார். நேர்மையானவள், நன்றாகத் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். கடைசியில், அவர் போனை வைக்கப்போகிற நேரத்தில், "கொஞ்சம் மெதுவா வேலை பண்ணுவா," என்று சேர்த்தேன். பொய் இல்லை அது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. கடிதத்தை வாசித்து, மடித்து, பைக்குள் வைத்துவிட்டு அன்றைக்கு அடிக்கவேண்டியதை அடித்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த மேடத்துக்கு நானே போன் செய்தேன். பிளக்கின் கதையையும் கப்பல்காரன் மெயிலையும் சொன்னேன். டீ மாஸ்டர் மகள் கதையைக்கூடச் சொன்னேன், என் பொய்யை மட்டும் விட்டுவிட்டு. மெதுவாகச் செய்வாள், ஆனால் அவள் செய்ததை யாரும் இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருக்காது என்றேன். அப்போது மனசாட்சிதான் பேசுகிறது என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. நான் சொன்ன அந்த வார்த்தைதான் அவளை என் பக்கத்து மேசையிலேயே உட்கார்த்தி வைத்திருக்கிறது, அவள் போனால் நான் பழையபடி ஆகலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

அடுத்த தடவை ஆள் எடுத்தபோது அவளை எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள். படி வரை நானும் கூடப் போனேன். இரண்டு படி இறங்கியவள் நின்றாள்.

"அங்க உள்ள மேடம் சொன்னாவ, டீச்சர். நீங்க ரெண்டு தடவை பேசினியளாம்."

முதல் தடவை என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் சும்மா நின்றதனால் சொல்லவேண்டியதாயிற்று.

"மொதத் தடவை நீ மெதுவா வேலை பண்ணுவேன்னு சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எதை வாசித்தாலும் அப்படித்தான் யோசிப்பாள்.

"அது உள்ளதுதானே, டீச்சர்," என்றாள். பிறகு, ரயிலுக்கு நேரமாயிற்று என்று சொல்லி இறங்கிப்போனாள்.

நான் மேலே வந்தேன். அவள் மேசைக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ பென்ஷன் தாளை வைத்துக்கொண்டு அவள் எப்போது வருவாள் என்று கேட்டார். இனி வரமாட்டாள், வேறு வேலைக்குப் போகிறாள், நான் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தாளை என்னிடம் நீட்டவில்லை. மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவள் புதிதாக வேலைக்குப் போகிற இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.